பாலாற்றில் தண்ணீர் ஏன் வருவதில்லை என்று கேட்பவர்களுக்கு

வேலூருக்கு முதல்முறை வருகிறவர்கள், பெரும்பாலும் சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள், காட்பாடியில் ரயிலை விட்டிறங்கி ஆட்டோ பிடித்து ஊருக்குள் வரும்போது ஒரு பாலம் வரும். அது போய்க்கொண்டே இருக்கும். கீழே எட்டிப் பார்த்தால் மணல் திட்டு, சீமைக்கருவேலம், நாணல், ஓரமாக ஒரு கறுப்பு ஓடை, நாலைந்து எருமை, அதற்கு அப்பால் ஸ்டம்புக்குப் பதில் குச்சி நட்டு கிரிக்கெட் ஆடும் பையன்கள். "எதுக்குங்க இவ்வளவு பெரிய பாலம்?" என்று கேட்பார்கள். ஆட்டோக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் "பாலாறு சார். ஆந்திராக்காரன் அணை கட்டிட்டான், தண்ணி வர்றதில்ல" என்பார்.

நானும் ரொம்ப நாள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் இல்லை. ஆனால் பாதிக் கதை. மீதிப் பாதியில் நம்ம ஊரும் இருக்கிறது, அதனால்தான் அதை யாரும் ஆட்டோவில் சொல்வதில்லை.

சரி, ஆறு எங்கே பிறக்கிறது என்பதிலிருந்து வருவோம். கர்நாடகத்தில் நந்தி மலையைச் சுற்றியுள்ள மேட்டுநிலம் ஒரு விசித்திரமான இடம், ஓட்டு வீட்டின் முகடு மாதிரி, அங்கே பெய்கிற மழை எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கத்துக்கு ஒரு ஆறு. வடக்கே சரிந்தால் வடபெண்ணை, அது ஆந்திராவைச் சுற்றிக்கொண்டு நெல்லூர் வழியாகக் கடலுக்குப் போகும். தெற்கே தென்பெண்ணை, அது கிருஷ்ணகிரி, திருக்கோவிலூர் எல்லாம் பார்த்துவிட்டுக் கடலூருக்கு. அர்க்காவதி காவிரியில் கலக்கும். கிழக்குப் பக்கம் சரிவது பாலாறு. கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திராவில் குப்பம் வட்டாரத்தில் 33 கிலோமீட்டர், அப்புறம் வாணியம்பாடிக்கு மேற்கே நம்ம எல்லைக்குள் நுழைந்து ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், ஆற்காடு, வாலாஜா, காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று 222 கிலோமீட்டர், கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் வயலூர் அருகே கடல். மொத்தம் 348. கூட்டிப் பார்த்தால் முக்கால் ஆறு கூட இல்லை நம்மிடம், ஆனால் மூன்றில் இரண்டு பங்கு சுமாராக இருக்கிறது. ஆந்திராவிடம் பத்தில் ஒரு பங்குதான். சண்டை முழுக்க அந்த ஒரு பங்கில்தான் நடக்கிறது.

கோலார் மாவட்டத்தில் இது ஆறு என்று சொல்லும்படி இருக்காது. அந்த ஊர்ப் பக்கம் வற்றாத ஆறே கிடையாது, மழையும் குறைவு, அதனால் பழைய காலத்திலிருந்தே சரிவு முழுக்க ஏரி மேல் ஏரியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். மேல் ஏரி நிரம்பி கோடி போனால் கீழ் ஏரி, அது நிரம்பினால் அடுத்தது. கடைசி ஏரியும் நிரம்பி வழிந்தால்தான் ஆறு. பேத்தமங்கலா, ராமசாகர் எல்லாம் இந்த வரிசையில் வருகிற பெரிய ஏரிகள். கோலார் தங்கவயலுக்குக் குடிதண்ணீர் போனதே பேத்தமங்கலாவிலிருந்துதான். வட ஆற்காட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போனார்கள் இல்லையா, அவர்கள் ஊரை விட்டுப் போனாலும் ஆற்றை விட்டுப் போகவில்லை. அதே பாலாற்றில் மேலேறிப் போய் அங்கே குடித்தார்கள்.

இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்: பாலாற்றுத் தலைப்பில் காவிரி மாதிரி மேற்குத் தொடர்ச்சி மலை மழை கிடையாது. தென்மேற்குப் பருவமழையின் மிச்சமும், வங்கக்கடல் புயல் நல்ல மனசு வைத்து உள்ளே வந்தால் அதுவும்தான். வருஷம் முழுக்க ஓடிய ஆறு இது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மழைக்காலத்தில் சில வாரம், சில வருஷம் சில நாள், அப்புறம் மணல். பழைய ஆட்களைக் கேட்டாலும் "வெள்ளம் வரும், போகும்" என்றுதான் சொல்வார்கள். அப்படி இருந்தும் இந்தக் கரையில்தான் இத்தனை ஊர், இத்தனை நெல், இத்தனை தென்னை. எப்படி?

பதில் மணலில் இருக்கிறது. என் ஆயா வீடு மாதனூர் பக்கம். லீவுக்குப் போனால் சாயங்காலம் ஆற்றுக்குக் கூட்டிக்கொண்டு போவார். பார்வைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. ஓர் இடத்தைப் பார்த்து உட்கார்ந்து, கொட்டாங்குச்சியால் மணலைச் சுரண்டிச் சுரண்டி ஓரமாகத் தள்ளுவார். முழங்கை அளவு போனதும் மணல் நிறம் மாறும், ஈரம் தெரியும், இன்னும் ஒரு சாண் போனால் சுற்றிலும் மணல் சரிந்து விழ விழ அடியில் தண்ணீர் ஊறும். முதலில் ஊறுவது கலங்கல். அதை இறைத்து வெளியே ஊற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நாலு தடவை இறைத்தபிறகு அடியில் கிடக்கும் மணல் ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி தெளிந்துவிடும். குடத்தின் வாயில் துணி கட்டி மொண்டு ஊற்றுவார். "ஏன் ஆயா மேல தண்ணி இல்ல?" என்று ஒருமுறை கேட்டதற்கு "மேல ஓட்றது ஊருக்கு ஊரு போயிடும்டா, இது இங்கயே கீது" என்றார்.

அதுதான் பாலாற்றின் இயந்திரம். நல்ல ஆற்று மணலில் கால்பங்குக்கு மேல் வெற்றிடம். வெள்ளம் நாலு நாள் மேலே ஓடினால் போதும், அந்த வெற்றிடம் முழுக்கத் தண்ணீர் ஏறிக்கொள்ளும். மேலே கிடக்கிற மணல் வெயிலைத் தடுத்துவிடும், ஏரித் தண்ணீர் மாதிரி ஆவியாகிப் போகாது. அந்தத் தண்ணீர் மணலுக்குள்ளேயே மெதுவாகக் கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கும். ஆற்றுக்குள்ளேயே நீளமாகப் பள்ளம் வெட்டி அந்த ஊற்றைக் கூட்டி வயலுக்குக் கொண்டுபோவதற்குப் பெயர் ஊற்றுக்கால்வாய். வெள்ளம் வந்தால் தூர்ந்து போகும், தை மாசம் ஊரே மண்வெட்டியோடு போய் மறுபடி வெட்டும். ஊர்க் குடிநீருக்கு ஆற்றில் உறை கிணறு. கல்பாக்கம் அணுமின் நிலையம் வரைக்கும் பாலாற்று மணல் தண்ணீரை நம்பித்தான் வந்தது. மேலே காய்ந்து கிடக்கும் ஆற்றை நம்பி யாராவது அணு உலை கட்டுவார்களா? கீழே இருந்ததால் கட்டினார்கள்.

வெள்ளத்துக்கு வேறு ஏற்பாடு. ராணிப்பேட்டை மாவட்டம் மகேந்திரவாடியில் பாறையைக் குடைந்த ஒரு சின்னக் கோயில் இருக்கிறது, முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்தது, ஏழாம் நூற்றாண்டு. அங்கேயிருக்கும் கல்வெட்டு கோயிலோடு சேர்த்து அவன் பெயரிலான ஊரையும் ஏரியையும் சொல்கிறது. ஆயிரத்து நானூறு வருஷத்துக்குச் சற்று முன்போ பின்போ, இந்த ஆற்றை வைத்துப் பிழைக்க வேண்டுமென்றால் வருகிற நாலு நாளில் பிடித்து ஏரியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. காவேரிப்பாக்கம் ஏரி, மாமண்டூர் ஏரி எல்லாம் அந்தக் கணக்குதான். 1858-ல் வெள்ளைக்காரர்கள் வாலாஜா பக்கத்தில் ஆற்றுக்குக் குறுக்கே சுமார் 800 மீட்டர் நீளத்துக்கு அணைக்கட்டு கட்டி, மகேந்திரவாடிக் கால்வாய், காவேரிப்பாக்கம் கால்வாய், சக்கரமல்லூர் கால்வாய், தூசிக் கால்வாய் என்று இரு கரையிலும் பிரித்துவிட்டார்கள். அது தேக்கும் அணை இல்லை, திருப்பிவிடும் கட்டு. அந்தப் பக்கத்து ஏரிகள் இன்றைக்கும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்தால் அது கொசஸ்தலையாறு, நேராகப் பூண்டி, அப்புறம் எண்ணூர். பாலாறு ஒரு காலத்தில் அந்தத் தடத்திலேயே வடகிழக்காகப் போய்ச் சென்னைப் பக்கம் கடலில் விழுந்தது, பிற்பாடுதான் தெற்கே திரும்பியது என்று மண்ணியல்காரர்கள் சொல்கிறார்கள். கொசஸ்தலைக்கு விருத்த க்ஷீர நதி, அதாவது கிழட்டுப் பாலாறு என்று ஒரு பழைய பெயரும் உண்டு. பெயர் வைத்தவர்களுக்கு என்ன தெரிந்திருந்ததோ.

இனி சண்டைக்கு வருவோம். 1892 பிப்ரவரி 18-ல் மைசூர் சமஸ்தானத்துக்கும் சென்னை மாகாண அரசுக்கும் ஓர் ஒப்பந்தம். காவிரிச் சண்டையில் அடிக்கடி காதில் விழுமே, அதே ஒப்பந்தம்தான். மைசூர்க்காரர்கள் மேலே புதிதாக நீர்த்தேக்கம் கட்டுவதாக இருந்தால், பட்டியலில் உள்ள ஆறுகளில் சென்னையின் சம்மதம் இல்லாமல் கட்டக்கூடாது என்பது சாரம். அந்தப் பட்டியலில் பாலாறும் உண்டு. மைசூர் அப்போது மகாராஜா ஆண்ட தனி ராஜ்யம், ஆக ஒருவகையில் இரண்டு நாடுகள் போட்டுக்கொண்ட கையெழுத்து அது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த, யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. 1892-ல் அந்த 33 கிலோமீட்டர் எங்கே இருந்தது? குப்பம் வட்டாரம் அப்போது கங்குந்தி ஜமீன். கங்குந்தி ஜமீன் இருந்தது வட ஆற்காடு மாவட்டத்தில். வட ஆற்காட்டின் தலைமையிடம் வேலூர் இல்லை, சித்தூர். கலெக்டர் சித்தூரில் உட்கார்ந்துதான் வேலூரையும் ஆற்காட்டையும் குடியாத்தத்தையும் ஆண்டார். 1911-ல் சித்தூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தபிறகுதான் வட ஆற்காட்டுக்கு வேலூர் தலைநகரானது. அதாவது ஒப்பந்தம் போட்ட அன்றைக்கு இன்றைய "ஆந்திராக்காரன்" நம்ம மாவட்டத்துக்காரன். அவனிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? ஒரே வீட்டுக்குள் பத்திரம் எழுதுவார்களா?

அப்புறம் 1953-ல் ஆந்திரா பிரிந்தது, சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. வடக்கு எல்லைப் போராட்டம் நடத்தியதும், எல்லைத் தகராறில் மத்தியஸ்தராக இருந்த படாஸ்கர் சொன்ன முடிவுப்படி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி இந்தப் பக்கம் வந்ததும் தெரிந்த கதை. அந்தப் பேரத்தில் ஊர், மொழி, கோயில் எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்த்தார்கள். குப்பம் வழியாக வரும் ஆற்றின் பெயரில் தனியாக ஒரு காகிதம் எழுதிக்கொள்ளவில்லை. இன்றைக்குத் தமிழ்நாடு உச்சநீதிமன்றத்தில் 1892-ஐத் தூக்கிக் காட்டுகிறது, ஆந்திரா மசியவில்லை. சட்டம் என்ன சொல்லும் என்பதை நீதிபதிகள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குத் தெரிவதெல்லாம் அந்தக் காகிதம் எழுதப்பட்டபோது இந்த எல்லைக்கோடே கிடையாது என்பதுதான்.

1892-க்குப் பதினோரு வருஷம் கழித்து நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேலே இருக்கிற ஏரியைப் பற்றி அப்போது நம்ம ஊர் பயந்தது வேறு காரணத்துக்காக. 1903 நவம்பரில் பேய் மழை. மைசூர் பக்கத்து ஏரிகள் ஒன்று உடைந்து அடுத்ததை உடைத்து, அந்த மொத்தத் தண்ணீரும் ராத்திரியில் வாணியம்பாடிக்குள் புகுந்தது. சுமார் 200 பேர் செத்துப்போனார்கள். அந்தத் தலைமுறையின் புலம்பல் தண்ணீர் வரவில்லை என்பதில்லை, வந்தது என்பது.

இப்போது எல்லையில் நிலவரம் இது. குப்பத்துக்குப் பக்கத்தில் கணேசபுரத்தில் பெரிய அணை கட்டப்போவதாக ஆந்திரா கிளம்பியது, 2006-ல் தமிழ்நாடு உச்சநீதிமன்றத்துக்குப் போனது. பெரிய அணை நின்றது, ஆனால் சின்னதுகள் நிற்கவில்லை. 33 கிலோமீட்டருக்குள் இருபதுக்கும் மேற்பட்ட தடுப்பணைகள். அதில் கடைசி, நம்ம எல்லையை ஒட்டி, புல்லூரில் கனகநாச்சியம்மன் கோயில் பக்கத்தில் இருப்பது. 2016-ல் அதன் உயரத்தை 5 அடியிலிருந்து 12 அடியாக ஏற்றினார்கள். நான் போயிருக்கிறேன். இந்தப் பக்கம் ஆவாரங்குப்பம், அந்தப் பக்கம் புல்லூர், நடுவில் ஆறு, பலகையைப் பார்த்தால்தான் மாநிலம் மாறியது தெரியும். கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் பாதிக்கு மேல் வாணியம்பாடி, திருப்பத்தூர் ஜனங்கள். பொங்கல் வைத்து, கெடா வெட்டி, அந்தத் தடுப்பணையில் தேங்கிய தண்ணீரிலேயே பாத்திரம் கழுவிவிட்டு, "பாரு, எவ்ளோ தண்ணிய புடிச்சி வெச்சிகினுகீறான்" என்று திட்டிவிட்டு வண்டி ஏறுகிறார்கள். நானும் திட்டினேன், மறைக்க என்ன இருக்கிறது.

திட்டுவதில் நியாயமும் இருக்கிறது. ஒரு தடுப்பணை தேக்குகிற தண்ணீர் கொஞ்சம்தான், ஆனால் இந்த ஆற்றுக்கு வருவதே வருஷத்தில் நாலு சின்ன வெள்ளம். சின்ன வெள்ளத்தை இருபது சுவர் பங்கு போட்டுக்கொண்டால் இருபத்தோராவது ஆளுக்கு ஒன்றும் வராது. பெரிய வெள்ளத்தை எந்தச் சுவரும் நிறுத்தாது, அது எப்படியும் வந்துவிடும். வருஷா வருஷம் மணலை நனைத்து வைப்பது சின்ன வெள்ளம்தான், போனது அதுதான்.

ஐரோப்பாவில் டான்யூப் என்று ஒரு ஆறு, 10 நாடு வழியாகப் போகிறது, சுமார் 2,850 கிலோமீட்டர். ஒரு நூற்றாண்டில் இரண்டு உலகப்போரில் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்ட நாடுகள் அதில் உண்டு. 1994-ல் உட்கார்ந்து ஓர் உடன்படிக்கை எழுதினார்கள், 1998 முதல் வியன்னாவில் ஒரு பொது ஆணையம் நடக்கிறது, மேலே ஆலைக் கழிவு கலந்தால் கீழே இருப்பவனுக்குத் தகவல் போகிறது. நம்ம நாட்டிலும் 1956-லேயே நதி வாரியச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள், மாநிலங்கள் சேர்ந்து ஆற்றைப் பார்த்துக்கொள்ள. அந்தச் சட்டத்தின் கீழ் இன்றுவரை ஒரே ஒரு வாரியம்கூட அமைக்கப்படவில்லை. அதே வருஷம் வந்த தாவாச் சட்டத்தைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறோம். சேர்ந்து பார்த்துக்கொள்ளும் சட்டம் அலமாரியில், சண்டை போடும் சட்டம் மேசை மேல்.

இனி நம்ம பாதி. தோல்.

ஆவாரங்குப்பம் என்றேன் இல்லையா, பெயரிலேயே ஆவாரம் இருக்கிறது. இந்தப் பக்கத்துத் தோல் தொழில் ஆவாரம்பட்டையில் பதனிட்டு வளர்ந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று ஆற்றோரமாகவே வரிசை. பட்டைக் கழிவும் நாறும், ஆனால் மக்கிப்போகும். 1970-களின் தொடக்கத்தில் மத்திய அரசு, பாதி பதனிட்ட தோலாக ஏற்றுமதி செய்தால் லாபம் வெளிநாட்டுக்காரனுக்குப் போகிறது, முழுசாக முடித்த தோலாக, செருப்பாக, ஷூவாக அனுப்புங்கள் என்று கொள்கையை மாற்றியது. சீதாராமையா குழு 1972-ல் சொன்ன யோசனை. பொருளாதாரக் கணக்குப்படி அது சரிதான், ஆம்பூர் ஷூ உலகம் சுற்றியதே அதனால்தான், எத்தனையோ வீட்டில் பெண்கள் கையில் முதல்முதலாக மாதச் சம்பளம் வந்ததும் அதனால்தான். ஆனால் முடித்த தோலுக்குப் பட்டை ஒத்துவரவில்லை, குரோமியம் வந்தது, கூடவே உப்பு. ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் என்று பிற்பாடு உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே எழுதினார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து எடுக்கப்பட்டது? மணலிலிருந்து. எங்கே விடப்பட்டது? அதே மணலில்.

நான் வளர்ந்தபிறகு ஆயா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. பழமொழி சொல்லவில்லை, நிஜமாகவே வேகவில்லை. இரண்டு மணி நேரம் அடுப்பில் வைத்தாலும் கல்லு மாதிரி கிடக்கும், பாத்திரத்தில் வெள்ளையாக ஒரு படை படியும். தென்னை மட்டை நுனியிலிருந்து கருக ஆரம்பித்தது, காய் சிறுத்தது. எந்தப் பட்டறைத் தண்ணீர் என்று எப்படிச் சொல்வது, மணலுக்குள் எல்லாம் ஒன்றாகக் கலந்து நகர்கிற தண்ணீர். ஆயா குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவதை நிறுத்திவிட்டுத் தெருமுனையில் லாரிக்குக் காத்திருக்க ஆரம்பித்தார்.

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. அதில் வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கெடுப்பை மேற்கோள் காட்டி 35,000 ஹெக்டேர் நிலம் முழுசாகவோ பாதியாகவோ விவசாயத்துக்கு லாயக்கற்றுப் போனதாகச் சொல்லியிருக்கிறார்கள். கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும், கெடுதி வரும் என்று தெரிந்தால் நிரூபணத்துக்குக் காத்திருக்காமல் தடுக்க வேண்டும், இந்த இரண்டும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்புதான் தெளிவாகச் சொன்னது. இன்றைக்கு இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரிக்குப் போனாலும் சுற்றுச்சூழல் பாடத்தில் "வேலூர் வழக்கு" உண்டு. வேலூரில் ஆறு அப்படியேதான் இருந்தது. 2015 ஜனவரி 31 விடியற்காலை ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்தது, 10 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரி 30-ல் உச்சநீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்பு, மறுபடியும் இழப்பீடு, மறுபடியும் ஒரு குழு. முதல் தீர்ப்பு வந்தபோது பிறந்த குழந்தைக்கு இப்போது குழந்தை இருக்கும்.

தோலைப் பற்றியாவது வழக்கு நடந்தது. மணலைப் பற்றிப் பேச்சு இன்னும் குறைவு. சென்னை பெருகப் பெருகப் பாலாற்று மணல் லாரி லாரியாகப் போனது. 2003-ல் மணல் குவாரிகளை அரசே எடுத்துக்கொண்டது, அனுமதி மூன்றடி ஆழத்துக்கு, அளந்து பார்த்தது யார் என்பது வேறு விஷயம். சில இடங்களில் மணல் முழுக்கப் போய் அடியில் இருக்கும் களிமண் தெரிகிறது, களிமண்ணில் தண்ணீர் இறங்காது, தேங்கும், அங்கே சீமைக்கருவேலம் முளைக்கும், அப்புறம் அது ஆறு மாதிரியே இருக்காது. ஊற்றுக்கால்வாயை வெட்ட மணலே இல்லை. நான் சொல்லவந்த பாதி இதுதான். ஆந்திரா கட்டிய சுவர்கள் எல்லாவற்றையும் நாளைக்கே இடித்துப்போட்டாலும், வருகிற வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ளப் பாத்திரம் வேண்டாமா? பாத்திரத்தை லாரியில் ஏற்றி விற்றுவிட்டு, தண்ணீர் ஊற்றவில்லை என்று மேல்வீட்டுக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதைச் சோதித்துப் பார்க்க இயற்கையே ஒரு வாய்ப்பு கொடுத்தது. 2021 நவம்பர் 19. முதல் நாள் ராத்திரி முழுக்க மழை. பாலாற்றுக்கு நம்ம பக்கம் சேர்கிற துணையாறுகள் பலவும் ஆந்திர மலைகளிலிருந்துதான் வருகின்றன, குடியாத்தம் வழியாகக் கவுண்டன்யா, திருவலம் வழியாகப் பொன்னை. பொன்னைக்குச் சித்தூரில் நீவா என்று பெயர். எல்லாம் ஒரே நேரத்தில் பொங்கின. வாலாஜா அணைக்கட்டில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல். இந்தக் கணக்கு புரியாதவர்களுக்கு: ஒரு லட்சம் கன அடி என்றால் நொடிக்கு 28 லட்சம் லிட்டர், இரண்டே முக்கால் மணி நேரத்தில் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி. பேரணாம்பட்டில் அன்றைக்கு விடியற்காலை வீட்டுச் சுவர் விழுந்து 9 பேர் செத்துப்போனார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. அடுத்த மாசமே திருவலம் பக்கத்தில் பொன்னை ஆற்று ரயில்வே பாலத்தில் விரிசல் கண்டு சென்னை ரயில்கள் நின்றன.

காட்பாடிப் பாலத்தில் அன்றைக்கு நிற்க இடமில்லை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள், போலீஸ் விரட்டிக்கொண்டே இருந்தது, போகப் போகத் திரும்பி வந்தார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருத்தர், எழுபதுக்கு மேல் இருக்கும், ஒன்றும் பேசாமல் கைப்பிடிச் சுவரில் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரையை விட்டுக் கரை செம்மண் நிறத்தில் ஓடியது, நடுவில் ஒரு வைக்கோல் போர் அப்படியே மிதந்துபோனது. அன்றைக்கு எந்தத் தடுப்பணையும் தடுக்கவில்லை. முக்கால்வாசியும் நேராகக் கடலுக்குப் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மணல் மிச்சமிருக்கும் கரைகளில் மட்டும் அடுத்த இரண்டு கோடைக்குக் கிணறு வற்றவில்லை, மணல் போன கரைகளில் அடுத்த வருஷமே மோட்டார் காற்று இழுத்தது. எங்கள் சொந்தக்காரர்கள் இரண்டு ஊரிலும் இருக்கிறார்கள், கல்யாணத்தில் சந்தித்தால் பேச்சு இதுதான்.

கடைசியாக ஒரு வேடிக்கை. இப்போது வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஊர்களில் குழாயில் வருகிற தண்ணீரில் பெரும்பங்கு மேட்டூருக்குக் கீழே எடுத்து மலை ஏற்றிக் கொண்டுவரும் காவிரிக் கூட்டுக் குடிநீர். பாலாற்றங்கரையில் உட்கார்ந்து காவிரியைக் குடிக்கிறோம். மேலே போனால் கோலாரில் 2018-லிருந்து பெங்களூரின் சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்துக் குழாயில் கொண்டுவந்து ஏரிகளை நிரப்புகிறார்கள், கோரமங்களா – சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம். பெங்களூர் குடிப்பது எது? காவிரி. ஆக பெங்களூர்க்காரன் குடித்து முடித்த காவிரி கோலார் ஏரியில் இறங்கிப் பாலாற்றுச் சரிவுக்கு வருகிறது, நாம் குடிக்கிற காவிரி குழாயில் வந்து, குளித்து, கழுவி, காட்பாடிப் பாலத்துக்கு அடியில் அந்தக் கறுப்பு ஓடையாக ஆற்றில் சேர்கிறது. எருமைகள் படுத்திருப்பது அதில்தான்.